மாத்திரை யாருக்கு

மார்ச் 4, செவ்வாய்

அக்காவிடம் என்னென்ன மாற்றம் தெரிகிறதோ அதைத் தினமும் எழுதி வையுங்கள் என்றார் நரம்பியல் டாக்டர். எழுதுகிறேன். முதல் மாற்றம் அவரிடம்தான் வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தோம். ஒரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு பயிற்சி டாக்டர் அக்காவிடம் தேதி, கிழமை கேட்டு, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். முள்ளை வட்டத்துக்கு வெளியே போட்டாள். அந்தக் காகிதத்தையும், போன மாதம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது எடுத்த தலை ஸ்கேனையும் பெரிய டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். அல்சைமர்ஸ் என்றார். மறதி எப்போதிலிருந்து என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் வார்டு சிஸ்டராக இருந்தவள் லீதியாள் அக்கா. இப்படிப் பத்து டாக்டருக்காவது ஊசி போடப் பழக்கிவிட்டிருப்பாள்.

இந்த நோய்க்கு மாத்திரை இரண்டு மூன்று வகை இருக்கிறதாமே, எது இவளுக்குச் சரி என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். எல்லாருக்கும் முதலில் இதுதான் என்றார். எல்லாருக்கும்! பி.டி. டீச்சராக இருந்த நானே நோஞ்சான் பிள்ளைக்கும் திடமான பிள்ளைக்கும் ஒரே ஓட்டம் வைத்ததில்லை.

அவளை அங்கே கூட்டிப்போனது ஒரு தனிப் பாடு. எனக்கு ஒன்றுமில்லை, வரமாட்டேன் என்று ஒரு வாரம் அடம். கடைசியில், எனக்குத்தான் மறதி அக்கா, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்றேன். உடனே சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆட்டோவில் என் கையைப் பிடித்தபடியே வந்தாள். பொய்தான். வேறு வழி என்ன?

மார்ச் 5, புதன்

அவளைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்தக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். மருந்து அவள் பொறுப்பு. ஒரு எவர்சில்வர் தட்டில் மாத்திரை அட்டையை வைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடிவைத்தாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்று என்று சொன்னேன். “எனக்குப் படிச்சுக் குடுக்காத ஏட்டி. எத்தன வருசமா குடுத்துட்டு வாரேன்” என்றாள்.

ஐந்தரைக்குத் துணியை விலக்கிப் பார்த்தேன். ஒன்று குறைந்திருந்தது. எனக்குக் கருப்பட்டிக் காப்பிகூடப் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்ததும் அணைத்ததும் நான். கருப்பட்டி தட்டி, வடிகட்டி, ஆற்றி, கையில் கொண்டுவந்து கொடுத்தது அவள். குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். எத்தனை மாதமாயிற்று அவள் கையால் ஒரு வாய் குடித்து. மாத்திரை முதல் நாளே வேலை செய்கிறதோ என்று ஒரு நப்பாசை.

மார்ச் 12, புதன்

வயிறு சரியில்லை. மூன்று தடவை போய்விட்டேன். நேற்றைய தயிர் புளித்துவிட்டது. அக்காவுக்கு ஒன்றும் இல்லை. கல்லைத் தின்றாலும் அவளுக்குச் செரிக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

கோவிலில் ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு மருந்து சொல்ல வந்துவிட்டார்கள். வல்லாரைப் பொடி ஒருத்தி, தேங்காய் எண்ணெய் ஒருத்தி. இன்னொருத்தி, சும்மா உட்காரவைக்காதீர்கள், குறுக்கெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றாள். நான் என்னவோ அக்காவை மூலையில் கட்டிப்போட்டு வைத்திருப்பது போல. வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு வந்தேன்.

தினமும் சாயங்காலம் எனக்குக் காப்பி போட்டுத் தருவதைத் தவிர அக்காவிடம் மாற்றம் எதுவும் இல்லை. என்னைச் சில நேரம் கனகு என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், சில நேரம் பதினேழாம் படுக்கை என்கிறாள்.

எனக்குக் கெண்டைக்கால் சதை பிடித்துப் பிடித்து இழுக்கிறது. முப்பது வருஷம் மைதானத்தில் ஓடின கால், இப்படி மானத்தை வாங்குகிறது. கனவுகளும் ஒரு தினுசாக வருகின்றன. இறந்து இருபது வருஷமான என் வீட்டுக்காரர் நேற்று ரோடு ரோலர் ஓட்டிக்கொண்டு வந்தார். வெயில் சூடு.

ஏப்ரல் 2, புதன்

சாயங்காலம்தான் பெரிய சோதனை. ஆறு மணி ஆனால் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வாசல் கேட்டைப் பிடித்து உலுக்குகிறாள். உங்களுக்கு ஓய்வு கொடுத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது சிஸ்டர் என்றால், அப்படியென்றால் என் வார்டை யார் பார்ப்பது என்று அழுகிறாள். எதிர்வீட்டுக்காரர் சென்னைக்குப் போன் போட்டுத் தம்பி ஆசீரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லமாட்டாராம். நான் என்ன கிள்ளுக்கீரையா?

ஆசீர் வருஷத்துக்கு இரண்டு தடவை பாளையங்கோட்டைக்கு வருவான். தினமும் போனில் உத்தரவு போடுவான். மாத்திரை பலன் தரவில்லை என்றால் பெரியக்காவைச் சென்னையில் ஒரு ஹோமில் சேர்த்துவிடுவானாம், இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறானாம். அவளுக்கும் கல்யாணமில்லை, எனக்கும் பிள்ளையில்லை. நாங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டில் இருக்கிறதில் யாருக்கு என்ன கேடு? இந்த மாத்திரை கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அவளை என்னிடமிருந்து கொண்டுபோய்விடுவார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மறுபடியும் டாக்டர். ஆறு வாரமாக ஒரு நாள் தவறவில்லை, பலனும் இல்லை என்று இந்த நோட்டைக் கொடுத்தேன். எழுதச் சொன்ன மனிதர் முதல் பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. டோஸை இரண்டு மடங்காக்கினார். அதற்குள் ஆசீர் அவருக்கே போன் செய்துவிட்டான். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நடுவில் என்னையும் அக்காவையும் உட்காரவைத்துவிட்டு! பேசி முடித்து, சாயங்கால ஆர்ப்பாட்டத்துக்கு என்று புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். அமைதியாக இருப்பார்களாம்.

அதைச் சாப்பிட்டால் தள்ளாட்டம் வருமா, எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பாளா என்று கேட்டேன். சிலருக்கு வரும் என்றார். வயதானவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு என்று மருந்துக்கடைப் பெண் மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இருக்கிற பொறுப்பு இவருக்கு இல்லை. மாத்திரையை வாங்கிவந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். டோஸ் கூட்டின மாத்திரையை மட்டும் அக்காவின் தட்டில் வைத்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பாட்டுக்கு எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தே பாடினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தக் கடிகாரம் ஓடி ஐந்து வருஷம் இருக்கும்.

மே 2, வெள்ளி

அக்காவின் முழங்கைக்கு மேல் கன்றிப்போயிருக்கிறது. கேட்டில் இடித்துக்கொண்டாள்.

ஆசீர் வீடியோவில் வந்து அந்தக் கன்றலைப் பார்த்துவிட்டான். “சின்னக்கா, எமோஷனலா பேசாத. ஒன்னால முடியல. அந்த மாத்திரையக் குடு, இல்லன்னா நான் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றான். அவன் குரலில் இருந்த தோரணை! இவனுக்கு டவுசர் மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டவள் அவள். இவனுக்குக் காலேஜ் கட்டணம் கட்டினதில்தான் அவளுக்குக் கல்யாணமே நடக்கவில்லை.

மே 5, திங்கள்

இன்று அமைதி மாத்திரையையும் அவள் தட்டில் வைத்துவிட்டேன். அவ்வளவுதான். இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மே 6, செவ்வாய்

காலை எட்டரை வரை தூங்கியிருக்கிறேன். என் ஆயுளில் நடந்ததில்லை. பால்காரர் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நேற்று ஆறு மணிக்கு அக்கா கேட்டை உலுக்கினாளா என்றே எனக்குத் தெரியவில்லை. சோபாவில் சாய்ந்தவள்தான்.

அக்கா குளித்து, தலை வாரி, பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அமைதி மாத்திரை தூக்கம் தரும் என்றார்களே, ஒன்றையும் காணோம். இந்த டாக்டருடைய மாத்திரையெல்லாம் இப்படித்தான்.

மே 7, புதன்

இன்றைக்கும் அப்படியே. நாக்கு தடித்துக் கிடக்கிறது. எனக்கும் ஏதோ வந்துவிட்டது. எனக்கு வந்தால் இவளை யார் பார்ப்பார்கள்?

மே 9, வெள்ளி. ஆஸ்பத்திரியில் இருந்து

கையில் ஊசி ஏறியிருக்கிறது. கிறுக்கலாகத்தான் வரும். ஆனால் இதை இன்றைக்கே எழுதாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

நேற்றுக் காலை அக்காவோடு மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தரை மேலே எழும்பி வந்தது. விழுந்துவிட்டேன். காய்கறிக்காரம்மாவும் ஆட்டோக்காரரும் தூக்கிவந்து இங்கே சேர்த்திருக்கிறார்கள். அக்கா கூடவே வந்திருக்கிறாள். எனக்கு நினைவு தெளிந்தபோது அவள் தலைமாட்டில் நின்று, சொட்டு மருந்து வேகமாக இறங்குகிறது, குறையுங்கள் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே வேகமாகத்தான் இறங்கியிருக்கிறது. அந்தப் பெண் குறைத்துவிட்டுத் தேங்க்ஸ் சிஸ்டர் என்றாள்.

டூட்டி டாக்டர் ஒரு இளம்பெண். ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, நாடி நாற்பத்திரண்டுதான் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, தலைவலி மாத்திரைகூடப் போடுகிறவள் இல்லை என்று ஜம்பமாகச் சொன்னேன்.

அக்கா குறுக்கே வந்தாள்.

“அப்படித்தான் சொல்லுவா டாக்டர். பேஷண்டுக்குத் தெரியாது. மறதிக்கு உள்ள மாத்திரை, மொதல்ல அஞ்சு, இப்ப பத்து. திங்கக்கிழமைலருந்து அமைதிக்கு ஒண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு. கசப்புன்னு துப்பிருவாள்னு பொடிச்சுக் காப்பில கலக்கிக் குடுக்கேன். ரெண்டு மாசத்துல ஒரு நாளு விட்டதில்ல.”

எனக்கு முதலில் உறைக்கவில்லை. டாக்டர் பெண் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் எனக்கு ஒவ்வொன்றாகத் தலையில் இறங்கியது. வயிறு. கெண்டைக்கால். ரோடு ரோலர்.

“அக்கா, அது எனக்கு இல்ல, ஒனக்கு” என்றேன்.

அவள் டாக்டர் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பதுபோல் தலையை ஆட்டினாள். “பெரிய டாக்டரு இவளப் பாத்துத்தான் எல்லாஞ் சொன்னாரு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். எனக்குத்தான் மறதி, துணைக்கு வான்னு இவளே சொன்னா” என்றாள்.

எதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லையோ அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் மறந்துபோகிறவள் நான் சொன்ன ஒரு பொய்யை மட்டும் இரண்டு மாதமாக மறக்கவில்லை.

மே 10, சனி

ஆசீரிடம் சொன்னபோது சிரித்தான். போனில் சத்தமாகச் சிரித்தான். இனி நீயே பொடித்து அவளுக்குக் காப்பியில் கலந்து கொடுத்துவிடு, பிரச்சினை தீர்ந்தது என்றான். நான் செத்திருந்தால்கூட அதற்கும் ஒரு வழி சொல்லியிருப்பான்.

மே 13, செவ்வாய்

நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கே நரம்பியல் டாக்டரிடம் போனேன். வீட்டில் படுத்திரு என்றார்கள், யார் கேட்பது?

நீங்கள்தான் நின்று கவனித்திருக்க வேண்டும் என்றார். சரி, என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன் என்றேன். இப்போது உங்கள் தப்பைச் சொல்லுகிறேன், கேளுங்கள் என்றேன். டோஸைக் கூட்டுகிறதற்கு முன்னால் இவள் நாடியைப் பிடித்துப் பார்த்தீர்களா? ஈ.சி.ஜி. எடுத்தீர்களா? சாப்பிடுகிறாயா அம்மா என்று இவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள், நான் சாப்பிடவில்லை, அவளுக்குக் கொடுக்கிறேன் என்று. மாத்திரையே உள்ளே போகாத ஆளுக்கு மாத்திரை போதவில்லை என்று இரண்டு மடங்கு எழுதினீர்களே ஐயா! மைதானத்தில் பேசுகிற குரலில் பேசியிருக்கிறேன் போல, வெளியே இருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அக்காவுக்கு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். நாடி ஐம்பத்தெட்டு. கொஞ்சம் குறைவுதான், இந்த மாத்திரை இன்னும் குறைக்கும் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். இது நோயை நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்ச மாதம் நிதானமாகப் போகும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சின்ன டோஸில் ஆரம்பித்து நாடியைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் கொடுக்கலாம். கொடுக்காமல் இருந்தாலும் அது தப்பான முடிவு இல்லை. அமைதி மாத்திரை, மற்ற வழியெல்லாம் தோற்றால் மட்டும்.

இதை மார்ச் மாதமே சொல்லியிருந்தால் நாக்கா தேய்ந்திருக்கும்?

யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யார் யோசிப்பது? ஆசீர் கொடு என்கிறான். நான் பயப்படுகிறேன். வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில் அவள் மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போதுதான் பட்டது. இரண்டு மாதமாக டாக்டரைத் திட்டினேன், ஆசீரைத் திட்டினேன். நான் மட்டும் அவளிடம் கேட்டேனா?

மே 14, புதன்

காலையில்தான் அவளுக்குத் தெளிவு. இட்லி சாப்பிட்டு முடித்ததும் எதிரே உட்கார்ந்து சொன்னேன். அக்கா, மறதி எனக்கு இல்லை, உனக்கு. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பொய் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். கண்ணாடி போட்டு மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். எந்த டாக்டர், எத்தனை மாதம் என்று கேட்டாள். வார்டில் ரவுண்ட்ஸ் வருகிறவள் போலவே கேட்டாள். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸ்கேனையும் காட்டினேன். அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவினாள். கண்ணீர் இறங்கியது. நானும் துடைக்கவில்லை.

பிறகு சொன்னாள். “சின்ன டோஸ் குடு. மூணு மாசம் பாப்போம். நாடி அம்பதுக்குக் கீழ எறங்குனா நிப்பாட்டிரு, யார்ட்டயும் கேக்காத. அந்த இன்னொண்ணு எனக்கு வேண்டாம்.”

ஏன் என்று கேட்டேன்.

“நாங்களே குடுத்திருக்கோம்லா. வார்டுல அம்பது பேருக்கு ஒருத்தியா நிக்கையில குடுத்திருக்கோம். கத்துதவங்களுக்கு நோவுன்னு குடுக்கல. எங்களுக்கு முடியலன்னு குடுத்தோம்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் முழங்கையில் இருந்த கன்றல் கேட்டில் இடித்தது இல்லை. அது என் விரல் பதிந்தது. அன்றைக்கு அவளை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தவள் நான். இன்னொரு தடவை அப்படிச் செய்துவிடுவேனோ என்று பயந்துதான் அந்த மாத்திரையைத் தட்டில் வைத்தேன், ஆசீருக்குப் பயந்து இல்லை. அவளிடமும் சொன்னேன். சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லையே என்றாள். ஆறிவிட்டது.

“பொய் சொல்லிக் குடுக்காத ஏட்டி” என்றாள். “நான் எத்தன தடவ கேட்டாலும் எனக்குத்தான்னு சொல்லு.”

மே 15, வியாழன்

சாயங்காலம் ஐந்து மணி. தட்டைத் துணி விலக்கிக் காட்டினேன். யாருக்கு என்றாள். உனக்கு என்றேன். எனக்கு என்ன என்றாள். சொன்னேன். நேற்றுப் பேசினது ஒன்றும் நினைவில்லை. புதிதாகக் கேட்டதுபோலவே அதிர்ந்தாள், புதிதாகவே அழுதாள். என் கையைத் தட்டிவிட்டாள். மாத்திரை சோபாவுக்கு அடியில் உருண்டுவிட்டது.

அரை மணி நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சாப்பிட்டாள்.

மே 17, சனி

ஆசீர் போனில், தினமும் ஏன் அவளைக் கொல்லுகிறாய், வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தால் என்ன என்றான். அவன் சொல்வதில் இரக்கம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கும் நாக்கு நுனி வரை வைட்டமின் வந்துவிட்டுப் போகிறது. ஆனால் ஒரு பொய் சொல்லித்தான் நான் ஈ.சி.ஜி. வரை போய்வந்தேன். அதுவும் போக, அவள் கேட்டுக்கொண்டது என்னிடம். அவனிடம் இல்லை. ஹோம் பேச்சை இனி எடுத்தால் நேரில் வந்து பேசு, முதலில் பெரியக்காவிடம் பேசு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆறு மணிக்கு அவள் கேட்டுக்குப் போனாள். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தேன். தெரு முனை வரை டூட்டிக்குப் போனோம். திரும்பி வந்தோம்.

மே 19, திங்கள்

ஐந்தாம் நாள். ஐந்தாம் தடவை.

யாருக்கு என்று கேட்டாள். “ஒனக்குத்தான் அக்கா. மறதி நோய்க்கு” என்றேன்.

முகம் கறுத்தது. ஸ்கேன் எடுத்தார்களா என்று கேட்டாள். எடுத்தார்கள் என்றேன். எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றாள். நான் இப்போது சொல்லுகிறேன் என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தாள். நான் பார்வையை எடுக்கவில்லை. தட்டையும் கீழே வைக்கவில்லை.

பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடது கையை என் பக்கம் நீட்டினாள்.

“மொதல்ல நாடியப் பாரு” என்றாள்.

பார்த்தேன். ஒரு முழு நிமிடம் எண்ணினேன். “அம்பத்தாறு சிஸ்டர்” என்றேன்.

சரி என்று தலையசைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.